கடற்கரைச் சாலைப் பயணத்தில் குழந்தைகளின் கழிப்பறைத் தேவை: வழி சொல்லுங்கள்

சகோதரிகளே, வரும் விடுமுறையில் மண்டபத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குக் காரில் போகிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. மகன் டயப்பரை விட்டு இப்போதுதான் பழகியிருக்கிறான். பயணத்துக்காக மறுபடியும் அதை மாட்ட எனக்கு மனம் வரவில்லை, பழகியது கெட்டுவிடும்.

அவனையாவது சாலையோரம் நிறுத்திவிடலாம். மகள்தான் கவலை. ஏர்வாடி தாண்டினால் இரு பக்கமும் சீமைக்கருவேல முள்ளும் வெட்டவெளியும்தான். திறந்த வெளியில் உட்கார மாட்டேன் என்று அடக்கிக்கொள்கிறாள். அவள் கூச்சப்படுவது சரிதான், அதற்காக அவளைத் திட்ட மாட்டேன். "தண்ணீரைக் குறைத்துக் கொடு" என்கிறார் மாமியார். இந்த வெயிலில் அது எப்படி முடியும்? தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரலாம், மலச்சிக்கலும் சேரலாம்.

காரிலேயே வைக்கும் மடக்கக்கூடிய குழந்தைக் கழிப்பிருக்கை (potty) வாங்க நினைக்கிறேன். உள்ளே போடும் உறிஞ்சு பைகள் கசியாமல் தாங்குமா? ஓடும் வண்டியில் வேண்டாம், நிறுத்தித்தான் உட்கார வைப்பேன். கதவுக்கு மறைப்பாகப் பழைய புடவை போதுமா?

இன்னொன்று, இதுதான் முக்கியம்: கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையே, பூட்டாமல் தண்ணீரோடு பெண்கள் கழிப்பறை இருக்கும் பெட்ரோல் பங்க் அல்லது உணவகம் எது? அண்மையில் அந்த வழியே போனவர்கள் ஊர்ப்பெயரோடு சொன்னால், அதற்கேற்ப நிறுத்தங்களைத் திட்டமிட்டுக்கொள்வேன்.