சீ மங்கீஸ்: பெரியவர் ஆன பிறகு மறுபடி வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நீலத்தொட்டி:
பொடியைத் தண்ணீரில் கொட்டினால் உயிர் வரும் என்று போட்டிருக்குமே, அந்த சீ மங்கீஸைத்தான் கேட்கிறேன். அட்டையில் கிரீடம் வைத்த ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கும், தொட்டிக்குள் பார்த்தால் வெள்ளைத் தூசி மாதிரி என்னவோ துடிக்கும். சின்ன வயதில் அந்த ஏமாற்றம் பெரிதுதான், ஆனால் அந்தத் தூசி உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது ஒரு பெட்டி வாங்கி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பொம்மையாக இல்லாமல் ஒரு உயிராக மதித்து, அதன் ஆயுள் முழுக்க வாழவைக்க வேண்டும். எதில் கவனம் வேண்டும்? பெட்டியோடு வந்த குட்டித் தொட்டியே போதுமா?

உவர்நீர்:
கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அது ஆர்ட்டீமியா, உப்பு ஏரிகளில் வாழும் ஒரு சிறிய ஓட்டுயிரி, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஹெரால்ட் வான் பிரான்ஹட் என்ற அமெரிக்கர் 1960 வாக்கில் ‘இன்ஸ்டன்ட் லைஃப்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கி, 1962-இல் சீ மங்கீஸ் என்று பெயரை மாற்றினார். காமிக்ஸ் புத்தகங்களில் வந்த அந்தக் கிரீடக் குடும்பத்தை வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. ‘கொட்டியவுடன் உயிர்’ என்பதற்குப் பின்னால் ஒரு தந்திரம் உண்டு: தண்ணீரைச் சுத்தம் செய்ய என்று கொடுக்கும் முதல் பொட்டலத்திலேயே உப்போடு முட்டையும் இருக்கும். ஒரு நாள் கழித்து இரண்டாவதைக் கொட்டும்போது, ஏற்கெனவே பொரிந்தவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன.

விளம்பரம் பொய், ஆனால் உயிர் பொய்யில்லை, நிஜம் அந்தப் படத்தைவிட எவ்வளவோ மேல். அந்த முட்டைக்குள் இருப்பது பாதி வளர்ந்து நின்றுபோன கரு. உடம்பிலுள்ள நீரைக் கிட்டத்தட்ட முழுக்க இழந்து, ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையின் பாதுகாப்பில், எந்த இயக்கமும் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கும். ஈரமும் வெளிச்சமும் ஆக்சிஜனும் கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து வளர ஆரம்பித்துவிடும். 1998-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் போன டிஸ்கவரி விண்கலத்தில் இந்த முட்டைகளும் போய்த் திரும்பின.

வலைத்துணி:
நான் மீன்குஞ்சுகளுக்குக் கொடுக்க ஆர்ட்டீமியா பொரிக்கிறவன், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். குட்டித் தொட்டி வேண்டாம். வாய் அகலமான கண்ணாடி ஜாடி எடுங்கள். உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், சூடு ஏறினால் இன்னும் குறையும், அதனால் காற்று படும் மேற்பரப்புதான் முக்கியம். பொரிப்பதற்கு 25 முதல் 28 டிகிரி நல்லது, ஒரு நாளில் பொரிந்துவிடும், சில சமயம் ஒன்றரை நாள் ஆகும். நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது. அதனால் முதல் நாளே ஜாடியில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, குறையும்போது குளோரின் போக வைத்த வெறும் நல்ல தண்ணீரை அந்தக் கோடு வரை விடுங்கள். உப்பை மறுபடி மறுபடி சேர்த்தால் தாங்காது.

சாப்பாடுதான் பெரிய ஆபத்து. பொரிந்தவுடன் அதற்கு வாயே வேலை செய்யாது, உடம்பிலுள்ள மஞ்சள் கருவை வைத்துத்தான் முதல் சில மணி நேரம் ஓடும். அப்புறமும் ஒரு துளி ஈஸ்ட் கரைசல் போதும். தண்ணீர் பால் மாதிரி கலங்கி, அப்படியே நின்றால், அது தெளியும் வரை எதுவும் போடக் கூடாது, ஏனென்றால் மிச்சத்தைத் தின்று பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். ஜாடியில் பச்சைப் பாசி பிடித்தால் தேய்க்காதீர்கள். அதுவே தீனி, பகலில் ஆக்சிஜனும் அதுவே தரும்.

நீலத்தொட்டி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. சில படங்களில் அவை நல்ல சிவப்பாக இருக்கின்றனவே, அது நோயா?

வலைத்துணி:
நோய் இல்லை. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபினை அதிகமாக உண்டாக்கிக்கொள்ளும், அதனால் சிவக்கும். தீனியாலும் நிறம் மாறும். எதற்கும் ஒரு சொட்டானில் தண்ணீரை உறிஞ்சி மெதுவாகப் பீய்ச்சி மேற்பரப்பைக் கலக்கிவிடுங்கள்.

மூன்றாங்கண்:
எல்லாரும் பராமரிப்பைச் சொல்லிவிட்டீர்கள், நான் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெரியவரான பிறகு இதில் கிடைக்கும் நிஜமான லாபம் அதுதான். ஒரு பூதக்கண்ணாடி கட்டாயம் வேண்டும். குஞ்சுக்கு நடுநெற்றியில் ஒரே கண். வளர்ந்த பிறகு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்கள் காம்பு நீட்டி வரும், பழைய கண்ணும் போகாது, ஆக மூன்று. பதினொரு ஜோடிக் கால்கள் அலையலையாய் அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கால்களாலேதான் நீந்தும், தீனியை வடிகட்டி வாய்க்குத் தள்ளும், மூச்சு விடுவதும் அவற்றால்தான். எப்போதும் வயிறு மேலே பார்க்க மல்லாந்துதான் நீந்தும், வெளிச்சம் வரும் பக்கம் வயிற்றைக் காட்டுவது அதன் குணம். இருட்டில் ஜாடியின் அடியிலிருந்து டார்ச் அடித்தால் அப்படியே புரண்டுவிடும், நீங்களே பாருங்கள்.

ஆணுக்குத் தலையில் பெரிய கொக்கிகள் இருக்கும், பெண்ணை அவற்றால் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒன்றாகவே நாள்கணக்கில் நீந்தும். பிரித்துவிட வேண்டாம், சண்டை இல்லை அது. பெண்ணுக்கு வால் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பை தெரியும். நிலைமை நன்றாக இருந்தால் அதிலிருந்து நேராகக் குஞ்சுகளே வெளிவரும். உப்பு ஏறினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ ஓடு கட்டிய பழுப்பு முட்டைகளை விடும். அந்தப் பையின் நிறத்தைப் பார்த்தே உங்கள் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம், எந்தச் சோதனைக் கருவியையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

நீலத்தொட்டி:
இதையெல்லாம் பெட்டியில் எழுதியிருந்தால் கிரீடமே தேவைப்பட்டிருக்காது! இன்றைக்கே ஜாடியைக் கழுவப்போகிறேன். கடைசியாக ஒன்று, ஆயுள் முடிந்து எல்லாம் போய்விட்டால் அந்தத் தண்ணீரை என்ன செய்வது?

உவர்நீர்:
சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், வெந்நீரில் அலசினால் போதும். ஒன்றின் ஆயுள் சுமார் இரண்டு மூன்று மாதம்தான், ஆனால் தலைமுறைகள் தொடர்ந்து வரும், அதனால் ஒருநாள் எல்லாம் போகும் என்று இப்போதே எண்ண வேண்டாம். அப்படியே போனாலும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அடியில் முட்டைகள் கிடக்கும். ஜாடியைத் திறந்துவைத்து முழுக்கக் காயவிட்டு, உப்பும் வண்டலும் அப்படியே இருக்க, சில வாரம் கழித்து அந்தப் பழைய கோடு வரை குளோரின் இல்லாத தண்ணீர் விட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்கு மறுபடி பொரிந்திருக்கிறது.