எஃப்1-இல் குதிரையா, மந்திரியா?

சிப்பாய்64: 2013 நவம்பர் 21, சென்னை, ஆனந்த்–கார்ல்சன் உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம், ஆனந்துக்கு வெள்ளை. "குதிரையைத் தப்பாக வைத்துத்தான் ஆனந்த் தோற்றார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிப்புத்தான் வந்தது. நிம்சோ இந்தியன் என்ற ஓப்பனிங்கில் (தொடக்க ஆட்டமுறையில்) நாலாவது நகர்த்தலிலேயே எஃப்3 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளினாரே, அங்கேயே ஆட்டம் போச்சு.

குதிரைக்கொம்பு: எழுதினது நான்தான். 3–5 என்று பின்தங்கி நிற்கிறவர் வேறென்ன ஆடுவார்? ஜி4, ஜி5, எஃப்6 என்று ராஜாவின் வாசல்வரை சிப்பாய்கள் போயின. ராணி எச்6-இல், யானை எச்4-க்கு வந்தால் அடுத்து மேட், ராஜா தப்ப முடியாது. கார்ல்சன் பி1-இல் புது ராணி எடுத்து செக் வைக்கிறார். அப்போது குதிரைக்குப் பதில் மந்திரியை எஃப்1-இல் வைத்து மறைத்திருந்தால் டிரா.

சிப்பாய்64: பேருக்கேற்ற டிரா.

குதிரைக்கொம்பு: கிண்டல் இருக்கட்டும், பலகையை எடுத்து வையுங்கள். ஜி3-இல் நின்ற குதிரைதான் இ1–எச்4 மூலைக்கோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதையே எஃப்1-க்கு இழுத்ததும் கோடு திறந்தது. கார்ல்சன் ராணி இ1. யானை எச்4-க்குப் போனால் அந்த ராணி வெட்டிவிடும். அவ்வளவுதான், 28 நகர்த்தலில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். இதில் ஓப்பனிங் எங்கே வந்தது?

மாடவீதி: மந்திரி மந்திரி என்கிறீர்களே, பிஷப் என்றால் வாய் வலிக்குமா?

குதிரைக்கொம்பு: எங்கள் தாத்தா மந்திரி என்றுதான் சொல்லிக்கொடுத்தார். விருப்பமில்லாவிட்டால் படிக்காதீர்கள்.

சிப்பாய்64: மந்திரி எஃப்1 வந்தாலும் கறுப்பு ராணி டி1, அப்புறம் எச்5-இல் தன்னைக் கொடுத்து மேட்டைத் தடுத்துவிடும். வெள்ளைக்கு என்ன மிச்சம்?

குதிரைக்கொம்பு: டிரா மிச்சம்! நான் ஜெயிப்பு என்றா சொன்னேன்? போன மாதம் பெர்லின் தற்காப்பு என்ற ஓப்பனிங்கைப் பற்றியும் இப்படித்தான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினீர்கள். மறக்கவில்லை.

சிப்பாய்64: பெர்லின் தூங்குமூஞ்சி ஆட்டம் என்று எழுதியது யாராம்?

குதிரைக்கொம்பு: நாலாவது ஆட்டத்தில் அதே பெர்லின் 64 நகர்த்தல் போனது. தூங்கியது நீங்கள்.

மாடவீதி: அஞ்சாவது, ஆறாவது ஆட்டங்களைத் தோற்றதைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டீர்களா?

குதிரைக்கொம்பு: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி எஃப்1. அங்கே மந்திரி, ஆட்டம் டிரா.

சிப்பாய்64: அப்படியானால் எஃப்3 நல்ல நகர்த்தல் என்கிறீர்கள்?

குதிரைக்கொம்பு: எஃப்1 என்றேன் ஐயா, எஃப்1. எண்ணாவது ஒழுங்காகப் படியுங்கள்.