இரவில் கரையிலிருந்து முங்கும்போது எவ்வளவு வெளிச்சம் போதும்?

உப்புக்காற்று (சாட்ஸ்வொர்த்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். கடல் அடங்கியிருக்கும் இரவுகளில், டர்பன் துறைமுக வாயிலுக்கு வடக்கே உள்ள வெட்ச்சஸ் பியரில் கரையிலிருந்தே நடந்து இறங்கி முங்குவது எங்கள் வழக்கம். (1860-களில் அலைதடுப்பாகக் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட கற்குவியல் அது. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்கு ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான் என்பதால் எனக்கு அந்தக் கற்களின்மேல் தனிப் பாசம் உண்டு.)

சென்ற மாதம் நடந்த ஒன்று மனத்தை உறுத்துகிறது. புதிதாக வாங்கிய 3000 லூமென் டார்ச்சை ஒரு கற்பொந்துக்குள் அடித்தேன். உள்ளே ஒரு கிளிமீன், கண்ணாடித்தாள் போன்ற சளிக்கூட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் கூட்டைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து எதிர்ப்பாறையில் முட்டியது. இரண்டு மூன்று செதில்கள் என் முகமூடிக்கு முன்னால் மினுங்கியபடி கீழே இறங்கின. மீன் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கடல் உயிர்களுக்குத் தொந்தரவு தராமலும், அதே சமயம் நாங்கள் வழிதவறாமலும் இருக்க எவ்வகை விளக்கு, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? சிவப்பு விளக்கு மீன்களுக்குத் தெரியாது என்பது உண்மையா? எங்களில் ஒருவர் சிலிண்டரில் இரசாயன ஒளிக்குச்சி கட்டிக்கொள்கிறார், அது சரிதானா? திரும்பி வரும் இடத்தை அறியக் கரையில் என்ன விளக்கு வைப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆழிமகள் (உம்ஹ்லங்கா):

வணக்கம் தம்பி. பதினைந்து ஆண்டுகளாக இரவில் முங்குகிறேன், சில காலம் பிறருக்குக் கற்றுக்கொடுத்தும் இருக்கிறேன். நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லூமென் எண்ணை மட்டும் பார்த்து டார்ச் வாங்குவது, மூட்டையின் மேல் உள்ள அச்சைப் பார்த்து அரிசி வாங்குவதைப் போன்றது. விளக்கிலிருந்து கிளம்பும் மொத்த வெளிச்சத்தை அந்த எண் சொல்லும். மீனின் கண்ணில் எவ்வளவு விழுகிறது என்பதைக் கதிரின் விரிவும் தூரமும் முடிவு செய்கின்றன. தூரம் பாதியானால் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், ஒரு முழத் தூரத்தில் பொந்துக்குள் அடித்த 3000 லூமென் அந்தக் கிளிமீனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்கு மூடிக்கொள்ள இமை இல்லை, கண்மணியும் நமக்குச் சுருங்குவதுபோல் சுருங்குவதில்லை. விழித்திரைக்குள் நிறமியும் ஒளியுணர் செல்களும் இடம் மாறித்தான் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். இருட்டுக்குத் திரும்பப் பழகவும் அப்படியே. நாம் கடந்து போன பிறகும் அந்த மீன் குருடாகத்தான் கிடக்கிறது.

தண்ணீர் தெளிவாக இருக்கும் இரவில் 500 முதல் 800 லூமென் வரை எனக்குத் தாராளமாகப் போதும். உங்கள் டார்ச்சை விற்றுவிட வேண்டாம். அதில் மிகக் குறைந்த நிலை இருந்தால் அதிலேயே இறங்குங்கள். நான் கதிரின் நடுப்பகுதியை உயிரின்மேல் வைப்பதே இல்லை. அதற்குப் பக்கத்து மணலில் அடித்துவிட்டு, ஓரத்தில் கசியும் மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பேன். பொந்தை நெருங்கும்போது டார்ச்சின் முகத்தை விரல்களால் மூடி, விரலிடுக்கில் வருவதை மட்டும் விடுவேன். வெண்மையான பால் போத்தலின் அடிப்பகுதியை வட்டமாக வெட்டி ரப்பர் வளையத்தால் முகப்பில் மாட்டிக்கொண்டாலும் கதிர் மென்மையாகிவிடும். முங்கி முடித்ததும் அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடலுக்குக் குப்பை போட்டவர்கள் ஆகிவிடுவோம்.

சிவப்பு விளக்கைப் பற்றி: பாறைகளில் வாழும் பல மீன்களுக்கும் சிங்கி இறால் போன்றவற்றுக்கும் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், தெரியவே தெரியாது என்று எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. ஆகவே சில மீட்டருக்கு அப்பால் அந்த விளக்கு உதவாது. அருகில் நின்று பார்க்கச் சிவப்பு, வழி காணவும் கைச்சைகை காட்டவும் வெள்ளை, பையில் இன்னொரு டார்ச். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கரையில் வைக்கும் விளக்கும் சிவப்பாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. லயன்ஃபிஷ், நாம் இங்கே ஃபயர்ஃபிஷ் என்கிறோமே, அது டார்ச்சின் பின்னாலேயே வரக் கற்றுக்கொள்கிறது. ஒரு முறை அழகாக என்னோடு நீந்தி வருகிறதே என்று மகிழ்ந்தேன். நான் வெளிச்சம் காட்டிய சிறு மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஒன்று உங்களைத் தொடர்ந்தால் டார்ச்சை உடம்போடு அணைத்து மறைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கரைவலைப் பேரன் (பிளஃப்):

ஆழிமகள் அக்கா சொன்னதற்குமேல் கொஞ்சம். என் தாத்தா கரைவலை இழுத்தவர். நிலவு காயும் இரவில் வலை இளைத்துத்தான் வரும் என்பார். கடலில் பகலெல்லாம் ஆழத்தில் கிடக்கும் மிதவைச் சிற்றுயிர்கள் இருட்டியதும் மேலே ஏறுகின்றன, வெளிச்சம் கண்டால் தயங்குகின்றன என்று பின்னால் படித்தபோது அவர் சொன்னதன் பொருள் ஓரளவு விளங்கியது. பவளங்களுக்கும் நிலவுதான் நாட்காட்டி. பல இனங்கள் பௌர்ணமி கழிந்த நாட்களில், கதிரவன் மறைந்து நிலவு எழும்வரை உள்ள இருட்டை அடையாளம் வைத்தே கருமுட்டை விடுகின்றன. நீல ஒளியை உணரும் புரதங்கள் பவளத்துக்கு உண்டு என்று 2007-இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஆகவே பவளத்தை ஒளிரச் செய்து படம் பிடிக்கும் நீல விளக்கை நெடுநேரம் ஒரே இடத்தில் எரியவிடுவதை நான் விரும்பமாட்டேன்.

ஒளிக்குச்சி வேண்டவே வேண்டாம். ஒரு முறை ஒடித்தால் சில மணி நேரம் எரிந்து குப்பையாகும் பிளாஸ்டிக் அது. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடும் கரைப்பான்களும் இருக்கின்றன. பிளஃப் கரையில் அவற்றைப் பொறுக்கி எனக்கு அலுத்துவிட்டது. சிலிண்டர் கழுத்தில் மாட்டும் சிறிய எல்இடி விளக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மின்கலமும் திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் வகையாக இருக்கட்டும். லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டின் தயவில் நம் வீடுகளில் அதற்கான சார்ஜர் ஏற்கெனவே இருக்கும். உழைத்து ஓய்ந்த கலத்தைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், அது தீப்பிடிக்கும்.

கரை விளக்கில் அக்காவோடு ஒரு சின்ன வேறுபாடு. உயிர்களுக்குச் சிவப்பு நல்லது என்றாலும் வெட்ச்சஸ் துறைமுக வாயிலின் பக்கத்தில் இருக்கிறது. கப்பல்களுக்கு வழி காட்டும் சிவப்பும் பச்சையும் அங்கே எரிகின்றன. கரையில் நீங்களும் சிவப்பு வைத்தால் நீரிலிருந்து பார்க்கும்போது உங்களுக்கே குழம்பும். மஞ்சள்செம்மை நிறத்தில், மினுக்காமல் நிலையாக எரியும் இரண்டு சிறு விளக்குகளை ஒன்று நீர் விளிம்புக்கு அருகிலும் மற்றொன்று அதற்குப் பின்னால் சற்று உயரத்திலும் வையுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் நேராக வருகிறீர்கள் என்று பொருள். மினுக்கும் விளக்கை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யாராவது உதவிப் படகை அழைத்துவிடுவார்கள்.

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஓர் இரவு இங்கே கரை முழுவதும் இருண்டு கிடந்தது. டார்ச்சை அணைத்துவிட்டுக் கையை அசைத்தேன். விரல் பட்ட இடமெல்லாம் நீலப் பொறி பறந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முங்கலிலும் ஐந்து நிமிடம், இணையாக வருபவரின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லா விளக்கையும் அணைத்து வைக்கிறேன்.

உப்புக்காற்று (சாட்ஸ்வொர்த்):

இருவருக்கும் மிக்க நன்றி. டிசம்பரில் குடும்பத்தோடு சொட்வானா விரிகுடாவுக்குப் போகிறோம். அங்கேயும் கரையில் இப்படி விளக்கு வைக்கலாமா?

ஆழிமகள் (உம்ஹ்லங்கா):

டிசம்பரில் அந்தக் கரையில் வேண்டாம் தம்பி. பெருந்தலை ஆமையும் தோல்முதுகு ஆமையும் முட்டையிட ஏறும் மாதம் அது. அந்த வடகரையில் 1963 முதல் அவற்றைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மணலில் வெளிச்சம் தெரிந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், சனவரி முதல் மார்ச் வரை பொரித்து வரும் குஞ்சுகளோ கடலை விட்டு விளக்கை நோக்கி ஊரும். இருட்டியபின் கரையில் கைபேசி வெளிச்சம்கூட வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

வெட்ச்சஸுக்குப் பிளஃப் தம்பி சொன்ன விளக்குகளே சரி, என் சிவப்பை மீட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு விளக்கையும் ஒரு பால்பொடி டின்னுக்குள் வைத்து, உட்புறம் கறுப்புச் சாயம் அடித்து, கடலைப் பார்த்த பக்கம் மட்டும் விரல் அகலத்துக்கு வெட்டி விடுங்கள். வானத்துக்கும் பக்கங்களுக்கும் வெளிச்சம் சிந்தாது. டின்னுக்குள் ஓர் ஈயக்கட்டியும் போடுங்கள். போன வாரம் வடகிழக்குக் காற்றில் என்னுடையது உருண்டு போய், திரும்பி வந்தபோது கரையில் ஒரே ஒரு விளக்குத்தான் தெரிந்தது.