பழைய டவுன் ஹாலுக்கு லைன் அரே தேவையா?

கல்பாத்தி ரசிகர்
பாலக்காட்டுப் பக்கம் எங்கள் பழைய டவுன் ஹாலைப் புதுப்பிக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், ஓட்டுக் கூரை, நானூறு இருக்கை. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூரையில் தொங்கும் லைன் அரே ஸ்பீக்கர், மேடைக்குப் பின்னால் படம் காட்டும் எல்இடி சுவர், தானே திரும்பும் மூவிங் ஹெட் விளக்குகள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எதிரொலியைக் குறைக்க ஒரு வரிகூட இல்லை. செம்பை வைத்தியநாத பாகவதரின் சொந்த ஊரான கோட்டாயி இருக்கிற ஜில்லாவில், கடைசி வரிசைக்குப் பாட்டின் வார்த்தை புரிவதில்லை.

கொழிஞ்சாம்பாறை சவுண்ட்
சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவன். அந்த ஹாலில் எந்த நிகழ்ச்சி என்றாலும் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வாடகையைக் கேட்டதும் நாடகக்காரர்கள் கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுகிறார்கள். ஹாலுக்கே சொந்தமாக ஸ்பீக்கர் வந்தால் நஷ்டம் எனக்குத்தான், இருந்தும் வாங்கட்டும் என்கிறேன். திருவனந்தபுரத்தில் 1896-ல் கட்டிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால், 2019-ல் அய்யன்காளி ஹால் என்று பெயர் மாறி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. புழங்காத ஹால் வவ்வாலுக்குத்தான்.

கல்பாத்தி ரசிகர்
பூட்டச் சொல்லவில்லையே! அளக்கச் சொல்கிறேன். 1895-ல் ஹார்வர்டில் ஃபாக் மியூசியத்தின் விரிவுரை அரங்கில் இதே தொல்லை. வாலஸ் சபைன் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தார். ஹாலின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் அந்த நேரம் வரும். பேச்சுக்கு ஒரு விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது. நம் ஹாலில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். எதிரொலியைக் குறைக்காமல் ஸ்பீக்கர் வாட்ஸைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

கொழிஞ்சாம்பாறை சவுண்ட்
காலி ஹாலில் தட்டினால் அப்படித்தான் கேட்கும். ஆட்கள் நிறைந்தால் அவர்கள் உடுப்பே நிறைய உறிஞ்சிவிடும். லைன் அரே ஒலியைக் கூட்டத்தின் மேல் செலுத்துகிறது, கூரையில் குறைவாகத்தான் படும்.

அணியறை
விளக்கை இருவரும் மறந்துவிட்டீர்கள். ஓர் அரங்கில் மலிவு எல்இடி போட்டு, கதகளிப் பச்சை வேஷத்தின் முகம் நீலம் பாரித்துப் போனது. மனயோலை என்ற மஞ்சள் சாயத்தில் நீலம் சேர்த்த பச்சை அது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளையாக்கும் விளக்கில் மஞ்சள் அடிபடும். சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற எண், 90-க்கு மேல் என்று டெண்டரில் எழுதட்டும். பழைய பார் கேன் மேடை விளக்கு நிறத்தை நன்றாகக் காட்டும், உண்மைதான். ஆனால் ஒன்று 1000 வாட். பதினாறு ஏற்றினால் வேர்வையில் சாயம் வழியும்.

சித்தூர் வயர்மேன்
சாயம் இருக்கட்டும், 16 கிலோவாட்டைப் பழைய வயரிங் தாங்காது. எல்இடிதான் சரி. ஆனால் அந்த உத்தரம் ஓட்டைச் சுமக்கப் போட்டது, நடுவில் ஸ்பீக்கரைத் தொங்கவிட அல்ல. கட்டுமானப் பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் ஒரு கொக்கிகூட மாட்டக்கூடாது. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திப் பைப் புதைத்து சிமெண்டால் மூடினால், நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஈரம் உள்ளே நின்று பூச்சு உதிரும். பைப் வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

கொழிஞ்சாம்பாறை சவுண்ட்
உத்தரம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மேடையின் இரு பக்கமும் தூண் போல ஒல்லியான காலம் (column) ஸ்பீக்கர், நடு ஹாலில் இன்னொரு ஜோடி. நடு ஜோடிக்கு டிலே, அதாவது சிறு தாமதம், வைக்க வேண்டும். ஒலி 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மில்லி விநாடி ஆகும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பின்வரிசையில் ஒலி குழம்பும், மேடையிலிருந்து வருவதாகவும் தோன்றாது.

கல்பாத்தி ரசிகர்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா! மிச்சமாகும் பணத்தில் பின்சுவருக்குத் துணிப் பலகை, மேடைக்குக் கனமான திரை. எல்இடி சுவரும் வேண்டாம். பாடுகிறவர் பின்னால் அது எரிந்தால் முகம் இருட்டாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை சவுண்ட்
கச்சேரிக்கு அணைத்து வையுங்கள். விருது விழாக்காரர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். ஹாலுக்கு வாடகை கொடுப்பவர்கள் அவர்கள், சபாக்காரர்கள் இல்லை.

கல்பாத்தி ரசிகர்
வேண்டும் என்கிற அன்று வாடகைக்கு எடுக்கட்டும், உங்களிடமே. திங்கட்கிழமை ஆட்சேபம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடுவீர்களா?

கொழிஞ்சாம்பாறை சவுண்ட்
உத்தரத்துக்கும் வயரிங்குக்கும் போடுவேன். எல்இடி சுவர் வேண்டாம் என்ற வரி இருந்தால் போடமாட்டேன்.