மறு: ‘ஹாட் லூப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பவர் கன்வெர்ட்டர் போர்டு வடிவமைப்புச் சொற்பட்டியலில் ‘ஹாட் லூப்’ (ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் திடீரென நின்று தொடங்கும் கண்ணி) இன்னும் நிரப்பப்படவில்லை. ‘சூடான வளையம்’ என்று போட்டால் படிப்பவர் ஹீட்சிங்க்கைத் தேடிப் போவார். இங்கே பேச்சு வெப்பத்தைப் பற்றியதல்ல. ‘உள்ளீட்டுக் கண்ணி’ பக் கன்வெர்ட்டருக்கு (மின்னழுத்தத்தைக் குறைப்பது) மட்டுமே பொருந்தும். பூஸ்ட்டில் (மின்னழுத்தத்தைக் கூட்டுவது) அதே கண்ணி வெளியீட்டுப் பக்கம் போய்விடுகிறது: சுவிட்ச், டயோடு, வெளியீட்டு மின்தேக்கி.

கண்டுபிடிக்கும் முறையிலிருந்தே பெயர் எடுக்கலாம். பக் சுற்றுப்படத்தில் மேல் மாஸ்பெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கடத்தும்போது மின்னோட்டம் போகும் வழியைச் சிவப்பிலும், கீழ் மாஸ்பெட் கடத்தும்போது போகும் வழியை நீலத்திலும் வரையுங்கள். மின்தூண்டியிலும் வெளியீட்டு மின்தேக்கியிலும் இரண்டு நிறமும் விழும். உள்ளீட்டு மின்தேக்கி, இரு மாஸ்பெட்டுகள், அவற்றை இணைக்கும் செம்பு ஆகியவற்றில் ஒரு நிறம்தான் விழும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஓட்டம் வெட்டுப்படுவது அங்கேதான். ஆகவே ‘வெட்டோட்டக் கண்ணி’.

--------

> ஆகவே ‘வெட்டோட்டக் கண்ணி’.

வெட்டுப்படுவதைவிட, எத்தனை வேகமாக வெட்டுப்படுகிறது என்பதல்லவா தொல்லை? கண்ணியின் தூண்டல் 10 நானோஹென்றி என்போம். 5 ஆம்பியர் 5 நானோவினாடியில் மாறினால் 10 வோல்ட் கூடுதலாகத் துள்ளும். 24 வோல்ட் உள்ளீட்டில் அது 34 வோல்ட்; 30 வோல்ட் மாஸ்பெட் தாங்காது. அதே 5 ஆம்பியர் 50 நானோவினாடி எடுத்துக்கொண்டால் துள்ளல் 1 வோல்ட்தான். ‘தாவோட்டக் கண்ணி’ என்றால் இந்த வேகமும் பெயரில் வந்துவிடும்.

--------

> இந்த வேகமும் பெயரில் வந்துவிடும்.

கணக்கு சரி. ஆனால் வேகம் போர்டு வரைபவர் கையில் இல்லை, கேட் டிரைவர் (மாஸ்பெட்டைத் திறந்து மூடும் சுற்று) கையில் இருக்கிறது. மேல் மாஸ்பெட்டின் டிரைவருக்கு மின்சாரம் தரும் பூட்ஸ்ட்ராப் மின்தேக்கியோடு தொடராகச் சில ஓம் போட்டு மெதுவாக்கலாம். அதற்கு விலை உண்டு. 12 வோல்ட், 5 ஆம்பியர், 500 கிலோஹெர்ட்ஸில் விளிம்பை (ஒரு மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை) 5-லிருந்து 20 நானோவினாடி ஆக்கினால், அந்த ஒரு விளிம்பிலேயே கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவாக இழப்பு கூடும். கண்ணியைச் சுருக்கினால் செயல்திறன் குறையாமலே இரைச்சல் இறங்கும். பெயர் அந்த வழியைச் சுட்டினால் போதும். என் வாக்கு ‘வெட்டோட்டக் கண்ணி’க்கே.

விளக்கக் குறிப்பில் இவை இடம்பெற வேண்டும். 0402 அளவு, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கியை ஐசியின் உள்ளீட்டு, தரை முனைகளை ஒட்டி, ஐசி இருக்கும் முகத்திலேயே வைக்க வேண்டும். 10 மைக்ரோஃபாரட் அதன் பின்னால். மறுமுகத்துக்குக் கொண்டுபோனால் 1.6 மி.மீ. போர்டில் ஒவ்வொரு வயாவும் (அடுக்குகளை இணைக்கும் துளை) ஏறத்தாழ 1 நானோஹென்றி சேர்க்கும். அந்த மின்தேக்கியின் பட்டைகளுக்குத் தெர்மல் ரிலீஃப் (பற்றவைக்க எளிதாக இருக்கச் செம்பு இணைப்பை மெல்லிய கால்களாக்குவது) வேண்டாம். இரண்டாம் அடுக்கு முழுத் தரைத்தளமாக இருக்கட்டும்: நான்கடுக்குப் போர்டில் அது சுமார் 0.2 மி.மீ. கீழே இருப்பதால், அதில் எழும் எதிரோட்டம் கண்ணியின் காந்தப்புலத்தைப் பெருமளவு அழிக்கும். கண்ணிக்கு நேர் கீழே, வெளியீட்டு மின்னழுத்தத்தை ஐசிக்குத் தெரிவிக்கும் ஃபீட்பேக் கோட்டை ஓட்டித் தளத்தை அறுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எதிரோட்டம் சுற்றிப் போக வேண்டியதாகி, தூண்டல் ஏறிவிடும். 5 நானோஹென்றியும் மாஸ்பெட்டின் 500 பிகோஃபாரடும் சேர்ந்தால் 100 மெகாஹெர்ட்ஸில் அதிரும். எஃப்எம் அலைவரிசையின் நடுவே.

‘தாவு’ என்ற வேரை ‘சுவிட்ச் நோட்’டுக்கு (இரு மாஸ்பெட்டுகளும் மின்தூண்டியும் சேரும் முனை) வைத்துக்கொள்ளலாமா? ‘தாவுமுனை’. அங்கே தாவுவது மின்னழுத்தம். தரைக்கும் உள்ளீட்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. குளிர்விக்க என்று அந்தச் செம்பைப் பெரிதாக்கினால் மின்புலம் வழியே இரைச்சல் பரவும். மாஸ்பெட்டிலிருந்து மின்தூண்டி வரை மட்டும் போட்டு, வெப்பத்தைத் தரை, உள்ளீட்டுச் செம்புகள் வழியே இறக்க வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.