புதுப்பிப்பு: ஊதாவாகிக் கருகிய மல்லி மொட்டுகள், இப்போது

சித்திரைக் கடைசியில் கேட்டிருந்தேன், நினைவிருக்கும்: மொட்டைமாடி குண்டுமல்லியில் மொட்டெல்லாம் ஊதாவாகி, விரியாமலே காய்ந்து போகிறதே, என்ன செய்வது என்று. மொட்டு ஈயாக (மொட்டுக்குள் முட்டையிடும் சின்னப் பூச்சி) இருக்கும், கெட்ட மொட்டுகளைப் பறித்து அழியுங்கள், வேப்பெண்ணெய் கரைசல் தெளியுங்கள் என்று பலரும் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். செடி தப்பித்துவிட்டது!

ஆனி பிறந்தும் மதுரையில் வெயில் குறையவில்லை. மல்லிக்கு அதுதான் கொண்டாட்டம். காலையில் பறிக்கும் மொட்டு பச்சை காம்பில் கெட்டியாக, முத்துப் போல உருண்டு இருக்கும். பொழுது சாய்ந்ததும் இதழ் பிரியத் தொடங்கும். கொஞ்சத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறேன். ராத்திரி வாசம் மாடிப்படி வரை வருகிறது, அந்துப்பூச்சிகளும் வருகின்றன. பக்கத்துத் தொட்டியில் அந்திமந்தாரை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கண் திறக்கும். காலை வெயிலுக்கு டேபிள் ரோஸ். ஆக, எந்நேரமும் ஏதாவது ஒன்று பூத்திருக்கிறது.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைச்சரத்தை விட வீட்டுப் பூவின் வாசம் ஒரு படி மேல்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பதியன் கேட்ட அக்காவுக்கு: தாழ்ந்த கிளை ஒன்றின் பட்டையை லேசாகச் சீவி மண்ணுக்குள் அழுத்தியிருக்கிறேன். வேர் பிடிக்க மூணு மாசமாவது ஆகும். புரட்டாசியில் வந்து வாங்கிக்கோங்க. கார்த்திகையில் தாய்ச்செடிக்குக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது.