டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்

கோயம்பேடு தன்னார்வலர்:

மூன்று வாரமாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குபவர்களுக்காக ராத்திரி எச்.ஐ.வி. டெஸ்ட் கேம்ப் போட்டிருந்தோம். பேர் எழுதுவதும் ஆட்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பதும் என் வேலை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு கிட்டில் விடுவார்கள், இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். "சீக்கிரம் பாரு தம்பி, ஒட்டன்சத்திரம் வண்டி வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறது, நர்சிங் சேர்க்கணும் என்றெல்லாம் பேசினார். முடிவை என்னிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டெக்னீஷியன் கிட்டைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கவுன்சலர் எங்கே என்று தேடினார். எனக்குப் புரிந்துவிட்டது. கவுன்சலர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் போய், "அண்ணே, கொஞ்சம் இருங்க, மேடம் உங்ககிட்ட தனியா பேசணுமாம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "டீ குடிச்சிட்டு வரேன் தம்பி" என்று எழுந்தார். திரும்பி வரவே இல்லை. கொடுத்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். நாற்காலியில் அவருடைய சும்மாட்டுத் துண்டு கிடந்தது. சுற்றிய வட்டம்கூடக் கலையவில்லை.

துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டி நாலு லோடுமேன்களைக் கேட்டால் ஆள் கிடைத்துவிடுவார். போகலாமா? கேம்பில் தெரிவது முதல் கட்டம்தான், நம்பிக்கை மையம் என்கிற அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் இன்னும் இரண்டு கிட்டில் பார்த்தால்தான் உறுதி. அதைக்கூட அவரிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது.

பெரம்பூர் அம்மா:

அந்த "தனியா" என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு 2012 ஞாபகம் வந்துவிட்டது. முதல் குழந்தை, மூன்றாம் மாதம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பார்ப்பார்கள் அல்லவா, முடிவுக்காக பெஞ்சில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மட்டும், "நீ உள்ள வா, வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

அதோடு பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பெண் தன் சாப்பாட்டுக் கூடையை என் மடியில் வைத்து, "பாத்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாற்பது நிமிஷம் வைத்திருந்தேன். கூடையில் கையை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. கூடையைத் தொட்டால் வராது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசித்தேன்.

வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். "புள்ளைக்கு வராம பாத்துக்கலாமாம்க்கா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

சட்டம் பேசுகிறவன்:

தன்னார்வலரே, துண்டை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் போய் நிற்காதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் நீங்கள் யார், எந்தக் கேம்பில் இருந்தீர்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "இது யாரோட துண்டு?" என்று நீங்கள் கேட்டாலே போதும், மீதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் அவர் அந்தக் கேட்டுக்குள் சுமை தூக்க முடியாது.

என் கதை சின்னது. 2015-ல் ஒரு கம்பெனியில் சேர மெடிக்கல் செக்கப். ரத்தம் எடுத்தார்கள், எதற்கு என்று சொல்லவில்லை. ரிப்போர்ட்டைப் பிரித்தால் சர்க்கரைக்குக் கீழே எச்.ஐ.வி. என்று ஒரு வரி. நெகட்டிவ்தான். ஆனாலும் கை நடுங்கியது. பாசிட்டிவ் என்று வந்திருந்தால் எனக்கு முன்னால் அந்த எச்.ஆர். பார்த்திருப்பார்.

இப்போது அதற்குச் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் டெஸ்ட் எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் கட்டாயம் என்று வைப்பது பாகுபாடு. முடிவை அவருடைய அனுமதி இல்லாமல் மூன்றாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது. லோடுமேனுக்கும் அதே சட்டம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது நம் ஊரில்தான், 1986-ல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார். பெரிய வேலை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ரத்தம் கொடுத்தவர்கள் யார்? காவல் இல்லத்தில் அடைபட்டிருந்த பெண்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போக முடியாதவர்கள். உங்கள் ஆள் எழுந்து போனார் என்றால், அது அவருடைய உரிமை. அதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேம்புக்கும் ஒரு யோசனை. பாசிட்டிவோ நெகட்டிவோ, வருகிற எல்லோரையும் கவுன்சலர் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும். ஒருவரைக்கூட விடாமல். அப்போது "தனியா" என்ற சொல் யாரையும் சுடாது. பெரம்பூர் அம்மா சொன்ன பெஞ்சிலும் அதைச் செய்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பாள். எல்லோர் கையிலும் எச்.ஐ.வி. ஹெல்ப்லைன் 1097 நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். கட்டணம் கிடையாது, பேரும் சொல்ல வேண்டியதில்லை.

கோயம்பேடு தன்னார்வலர்:

உரிமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்துவிட்டால்? வீட்டில் மனைவி இருக்கிறார். சட்டத்தை வைத்துக்கொண்டு நான் தூங்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, நீ தூங்கு. நான் முப்பது வருடம் வார்டில் இருந்தவள், சொல்கிறேன்.

2006, நைட் டூட்டி. எச்.ஐ.வி. நோயாளி ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு, மூடி போடும்போது என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன். மூடியே போட்டிருக்கக் கூடாது, என் தப்பு. ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மூன்றும் என் கட்டைவிரலில் இருப்பது போல இருந்தது.

திரும்பி வந்தால் அந்தப் பையன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது, எலும்பும் தோலும். "என்னால உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுமா சிஸ்டர்?" என்றான். அவன் பிழைக்கவில்லை. எனக்கு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், எல்லா டெஸ்டும் நெகட்டிவ்.

தொற்று வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை சாப்பிட்டேன், அந்தக் காலத்து மாத்திரை, காலையில் எழுந்தால் குமட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாத்திரை நர்சுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கும் உண்டு. ஆணுறை கிழிந்துபோய் பயந்து நிற்பவர்களும் டாக்டரிடம் கேட்கலாம். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போனால் நல்லது, விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்புறம், தப்பு நடந்த மறுநாளே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தவுடன் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கட்டாயம் பாருங்கள்.

சட்டம் பேசுகிற தம்பிக்கு ஒன்று. உரிமை, உரிமை என்று விட்டுவிட்டால் எங்கள் வார்டுக்கு எலும்பாகத்தான் வருவார்கள். யாராவது ஒருவர் பின்னால் போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதில்தான் சூட்சுமம்.

14 வருடம்:

இதுவரை எங்கும் எழுதியதில்லை. நானும் டீ குடிக்கப் போனவன்தான்.

ஒரு காலத்தில் ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம் இருந்தது, நினைவிருக்கிறதா? அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே லாரி ஓட்டினேன். பிறகு மாதவரத்தில் ஒரு கேம்பில் ரத்தம் கொடுத்தேன். உட்காரச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். முடிவு தெரியாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. எட்டு மாதம் வீட்டில் மனைவியின் பக்கத்தில் படுக்காமல் திண்ணையில் படுத்தேன். ஏன் என்று அவள் கேட்டாள், வெக்கை என்றேன். மார்கழியில் என்ன வெக்கை?

கடைசியில் டி.பி. வந்து, அங்கே எச்.ஐ.வி. டெஸ்டும் எடுத்து, தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவிக்கு நெகட்டிவ். அன்று அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது ராத்திரி ஒரே ஒரு மாத்திரை, இலவசம்தான். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து பல வருடம் ஆகிறது. அப்படிக் குறைந்து, மாத்திரையை விடாமல் இருந்தால் உறவின் மூலம் மனைவிக்குப் போகாது என்று டாக்டரே சொன்னார். திண்ணையை விட்டு உள்ளே வந்து ரொம்ப நாளாகிறது.

தன்னார்வலர் தம்பி, அந்த எட்டு மாதத்தில் யாராவது என்னைத் தேடி ஸ்டாண்டுக்கு வந்திருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். ஆனால் அதே கேம்ப் அதே இடத்தில் திரும்ப வந்திருந்தால், அதில் அதே முகம் உட்கார்ந்திருந்தால், எட்டு மாதம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். நான் தினம் அந்த வழியாகத்தான் போனேன். ஒரு நாள்கூட அங்கே யாரும் இல்லை.

கோயம்பேடு தன்னார்வலர்:

அண்ணே, இதை நாலு தடவை படித்தேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை ராத்திரி மறுபடியும் அதே கேட், அதே இடம். இந்த முறை சர்க்கரை, பிரஷரும் சேர்த்துப் பார்க்கிறோம், பலகையிலும் அப்படித்தான் எழுதப்போகிறோம். எல்லோரையும் ஒவ்வொருவராகக் கவுன்சலர் கூப்பிடுவார். நான் யாரையும் விசாரிக்கப் போவதில்லை. துண்டைத் துவைத்து மடித்து, என் நாற்காலிக்குக் கீழே பையில் வைத்திருப்பேன். ஒட்டன்சத்திரம் வண்டி மூன்று மணிக்கு வரும்.